ஒரு கண்ணோடு ஆடிய டைகர்



இதைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. பையில இருந்து ஒரு பேனாவை எடுங்க. மூடியைக் கழட்டி ஒரு கையில, பேனாவை இன்னொரு கையில பிடிச்சு ரெண்டு கையையும் நல்லா முன்னாடி நீட்டுங்க. வலது கண்ணை இறுக்க மூடிக்கோங்க. இப்போ மூடியைப் பக்கவாட்டில் இருந்து கொண்டுவந்து ஒரே தடவையில் பேனாவில் மாட்டணும். தடவிப் பார்க்கக் கூடாது!

என்ன ஆச்சு? எங்க வகுப்பில் நிறைய பேருக்கு மூடி பேனாவுக்கு முன்னாடியோ பின்னாடியோ காற்றில்தான் போச்சு. அசையாமல் இருக்கிற பேனாவுக்கே இந்தக் கதி. இப்போ மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பந்து வருதுன்னு வைங்க. பவுலர் கையை விட்டு பேட்டுக்கு வர அரை விநாடி கூட ஆகாது. அதை ஒரே கண்ணால் பார்த்து அடிக்கணும்.

அப்படி அடிச்சவர்தான் மன்சூர் அலி கான் பட்டோடி. செல்லப் பெயர் டைகர். 46 டெஸ்ட் ஆடினார், அதில் 40-ல் இந்தியாவுக்குக் கேப்டன். 46-ம் ஒரே கண்ணோடு! நடிகர் சைஃப் அலி கானின் அப்பான்னு சொன்னா சிலருக்கு உடனே தெரியும். 2011-ல் அவர் இறந்தபோது நம்ம ஸ்கூல்ல இப்போ படிக்கிறவங்களில் நிறைய பேர் பிறக்கவே இல்லை. அவர் கடைசி டெஸ்ட் ஆடினது 1975-ல். அப்போ நம்ம அப்பா அம்மாவே கைக்குழந்தைங்க, இல்லாட்டி அவங்களும் பிறக்கலை.

பட்டோடி என்பது ஊர்ப் பெயர். டெல்லிக்குப் பக்கத்தில், இன்றைய ஹரியானாவில் இருந்த ஒரு சின்ன சமஸ்தானம். அதன் நவாப் இஃப்திகார் அலி கான். அவரும் கிரிக்கெட்காரர். முதலில் இங்கிலாந்துக்காக ஆடி, பிறகு 1946-ல் இந்தியாவுக்கே கேப்டனாக வந்தவர். அவருடைய மகனாக மன்சூர் 1941 ஜனவரி 5-ல் போபாலில் பிறந்தார். அரண்மனை, வேலைக்காரர்கள், எதற்கும் குறையில்லை. ஆனால் 1952-ல் அதே ஜனவரி 5-ம் தேதி, பையனுக்குப் பதினொரு வயசு முடிகிற பிறந்தநாள் அன்னிக்கே, அப்பா போலோ ஆடும்போது இறந்துபோனார். ஒவ்வொரு பிறந்தநாளும் அப்பாவோட நினைவுநாள். அந்த வீட்டில் அப்புறம் கேக் வெட்டியிருப்பாங்களான்னு எனக்குத் தோணிச்சு.

பிறகு இங்கிலாந்தில் படிப்பு. வின்செஸ்டர் பள்ளியில் ரன்களாகக் குவிச்சார். பதினாறு வயசிலேயே சசெக்ஸ் கவுண்டி அணிக்கு ஆடினார் (நம்மில் பத்தாவது, பதினொன்றாவது படிக்கிறவங்க வயசு!). ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குக் கேப்டன் ஆனார். 1961-ல் அங்கே ஒரே சீசனில் அதிக ரன் எடுத்த சாதனை ஒண்ணு முறியப் போகுதுன்னு எல்லாரும் எதிர்பார்த்தாங்க. அந்தச் சாதனை யாருடையது தெரியுமா? அவங்க அப்பாவுடையதுதான். 1931-ல் வைத்தது. இன்னும் நூறு ரன் கூடத் தேவையில்லை, மேட்ச்சும் பாக்கி இருக்கு.

1961 ஜூலை 1. ஹோவ் என்ற கடற்கரை ஊரில் சசெக்ஸோடு மேட்ச். அன்றைய ஆட்டம் முடிஞ்சு, ராத்திரி சாப்பாடும் முடிஞ்சு ஓட்டலுக்குத் திரும்புறாங்க. கொஞ்ச தூரம்தான் இருக்கு, காற்று வாங்கிட்டே நடப்போம்னு சிலர் காரை விட்டு இறங்கிட்டாங்க. பட்டோடி இறங்கலை. முன் சீட்டில் உட்கார்ந்தார். குறுக்கே இன்னொரு கார் வந்து மோதியது. தோளில் அடி. பெரிசா ஒண்ணும் இல்லைன்னுதான் முதலில் நினைச்சார். ஆனால் உடைஞ்ச கண்ணாடியில் ஒரு சில்லு வலது கண்ணுக்குள் போயிருந்தது. ஆபரேஷன் பண்ணினாங்க. சில்லை எடுத்தாங்க, பார்வையைக் காப்பாத்த முடியலை. அப்போ வயசு இருபது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்துறேன். இதை ஏன் எழுத ஆரம்பிச்சேன்னு சொல்லணும். எங்க தெருவில் ஒரு மாமா இருக்கார். கேஸ் கட்டிங் வேலை. நம்ம சாத்தாங்காட்டில் இரும்பு வேலை தெரியாத வீடு ஏது? சில வருஷத்துக்கு முன்னாடி இரும்புச் சில்லு ஒண்ணு தெறிச்சு அவருக்கு ஒரு கண்ணு போச்சு. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த புதுசில் அவர் டம்ளரில் தண்ணி ஊத்தினா தரையில் ஊத்தும். படி இறங்கும்போது காலால் துழாவுவார். நாங்க பசங்க சிரிச்சிருக்கோம். இப்போ நினைச்சா வெட்கமா இருக்கு. ஏன்னா பட்டோடிக்கும் அதேதான் நடந்திருக்கு. ஜாடியில் இருந்து கிளாஸில் தண்ணி ஊத்தினா மேஜையில் கொட்டும்னு அவரே பின்னாளில் எழுதியிருக்கார்.

காரணம் இதுதான். நம்ம ரெண்டு கண்ணும் சுமார் ஆறு சென்டிமீட்டர் தள்ளி இருக்கு. ரெண்டும் ஒரே பொருளைக் கொஞ்சம் வேற வேற கோணத்தில் பார்க்குது. அந்த ரெண்டு படத்தையும் மூளை சேர்த்துத்தான் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்குன்னு சட்டுனு கணக்குப் போடுது. ஒரு கண்ணு போனா அந்தக் கணக்கு போச்சு. பொருளோட அளவு, நிழல், எது எதை மறைக்குது, இதையெல்லாம் வச்சு மூளை புதுசா கத்துக்கணும். அதுக்கு மாசக்கணக்கில் ஆகும். மாமாவுக்கும் ஆச்சு. இப்போ அவர் ஒரு சொட்டு சிந்தாமல் ஊத்துறார்.

பட்டோடி வலையில் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்தார். பேட்டைப் பிடிச்சு நிற்கிற விதத்தை மாத்தினார். முன்னைவிடக் கொஞ்சம் பவுலரைப் பார்த்தபடி திறந்து நின்றார். வலது கை பேட்ஸ்மேனுக்குப் பவுலர் பக்கமா இருக்கிறது இடது கண்ணு. அது தப்பிச்சது கெட்டதிலும் ஒரு நல்லதுன்னு எனக்குத் தோணுது.

அந்த வருஷமே இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தது. ஹைதராபாத்தில் அவங்களோடு ஒரு பயிற்சி மேட்ச். அதில் பட்டோடி அடிபட்ட கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் போட்டு இறங்கினார். வந்தது வம்பு! ஒவ்வொரு பந்தும் ரெண்டு பந்தா தெரிஞ்சுது, நடுவில் ஆறேழு அங்குலம் இடைவெளி. எதை அடிக்கிறது? உள்பக்கம் தெரியறதுதான் நிஜம்னு முடிவு பண்ணி அதையே அடிச்சார். அப்படியே 35 ரன்! டீ இடைவேளையில் லென்ஸைக் கழட்டிப் போட்டுட்டு, தொப்பியை வலது கண்ணு மேல இழுத்து விட்டுக்கிட்டு ஒத்தைக் கண்ணால் ஆடி 70 வரை போனார். அவருடைய பழைய போட்டோக்களில் தொப்பி ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கும். ஸ்டைல்னு நினைக்காதீங்க.

விபத்து நடந்து ஆறு மாசம் முடியலை. டிசம்பரில் டெல்லியில் முதல் டெஸ்ட் ஆடிட்டார். 13 ரன். அடுத்து கல்கத்தாவில் 64. அதுக்கு அடுத்தது எங்கே? நம்ம ஊர்தான்!

1962 ஜனவரி. அப்போ டெஸ்ட் மேட்ச் சேப்பாக்கத்தில் இல்லை, கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். அதாவது சென்ட்ரலில் இறங்கி நடக்கிற தூரத்தில் இருக்கிற நேரு ஸ்டேடியம். நாம இப்போ ஃபுட்பால் மேட்ச், ஓட்டப்பந்தயம் பார்க்கப் போற இடம். பழைய கட்டடத்தை மாத்திப் புதுசா கட்டிட்டாங்க, ஆனா மண்ணு அதே மண்ணு. (1956-ல் வினு மன்கட், பங்கஜ் ராய் ரெண்டு பேரும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் எடுத்து உலக சாதனை பண்ணினதும் இங்கேதான். 2008 வரை அதை யாரும் தொடலை.) அந்த மைதானத்தில் பட்டோடி 103 அடிச்சார். அவரோட முதல் டெஸ்ட் சதம். சலீம் துரானி பத்து விக்கெட் எடுத்தார். இந்தியா 128 ரன் வித்தியாசத்தில் ஜெயிச்சு, வரலாற்றிலேயே முதல் தடவையா இங்கிலாந்திடம் தொடரைக் கைப்பற்றியது. 1964-ல் ஆஸ்திரேலியாவோடு இதே மைதானத்தில் அவுட் ஆகாமல் 128. மெட்ராஸ் அவருக்கு ராசியான ஊர்னு சொல்லலாம், அந்த 1964 மேட்ச்சில் இந்தியா தோத்துப் போனாலும்.

1962-ல் இந்திய அணி வெஸ்ட் இண்டீஸ் போனது. பார்படாஸில் ஒரு மேட்ச்சில் சார்லி கிரிஃபித் போட்ட பந்து கேப்டன் நாரி கான்ட்ராக்டர் தலையில் பட்டு மண்டை ஓடு உடைஞ்சது. அப்போ ஹெல்மெட் கிடையாது. உயிருக்குப் போராடின அவருக்கு எதிரணிக் கேப்டன் ஃபிராங்க் வொரல் ரத்தம் கொடுத்தார். கான்ட்ராக்டர் பிழைச்சார், ஆனால் டெஸ்ட் ஆட முடியலை. துணைக் கேப்டனா போயிருந்த பட்டோடி தலையில் பொறுப்பு விழுந்தது. வயசு 21 வருஷம் 77 நாள். உலகத்திலேயே மிக இளைய டெஸ்ட் கேப்டன் என்ற அந்தப் பெயர் 2004 வரைக்கும் அவரிடமே இருந்தது. அணியில் இருந்த மூத்தவங்க எல்லாம் இவரைவிடப் பல வயசு பெரியவங்க. தொடரில் அஞ்சு டெஸ்ட்டும் தோல்வி. கேப்டன் பதவின்னா ஜாலின்னு நினைக்கிறவங்க கவனிக்கவும்!

இனி மெல்போர்ன். இந்தக் கட்டுரையே அதுக்காகத்தான்.

1967 கடைசியில் இந்தியா ஆஸ்திரேலியா போனது. முதல் டெஸ்ட்டுக்கு முன்னாடியே பட்டோடிக்குத் தொடையின் பின்பக்கத் தசை கிழிஞ்சுது. ஓடுறவங்களுக்கு இது தெரியும். சுருக்குனு ஒரு வலி, அப்புறம் காலை நீட்டவும் முடியாது, குனியவும் முடியாது. அடிலெய்டு டெஸ்ட்டில் அவர் ஆடலை. சந்து போர்டே கேப்டன். இந்தியா தோத்தது.

டிசம்பர் 30, மெல்போர்ன், ரெண்டாவது டெஸ்ட். கால் சரியாகலை. ஆனாலும் இறங்க முடிவு பண்ணினார். காலையில் பிட்ச் பச்சையா இருந்தது. கிரஹாம் மெக்கன்ஸி பந்து பாம்பு மாதிரி வளையுது. 25 ரன்னுக்கு 5 விக்கெட்! ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடக் கூடிய அந்தப் பெரிய மைதானத்தில் பட்டோடி நொண்டிக்கிட்டே நடந்து வர்றார். ஒரு கண்ணு இல்லை. இப்போ ஒரு காலும் இல்லாத மாதிரிதான்.

யோசிச்சுப் பாருங்க. முன்காலை நீட்டி ஆட முடியாது, தசை இழுக்கும். ஒரு ரன்னை ரெண்டா ஆக்க முடியாது. அப்போ என்னதான் பாக்கி? பின்காலில் நின்னுக்கிட்டு, குட்டையா விழுற பந்துக்காகக் காத்திருந்து வெட்டுறது, இழுத்து அடிக்கிறது. முடியாததை எல்லாம் அவர் விட்டுட்டார். முடிஞ்சது நாலைந்துதான். அதை வச்சே ஆடினார். அணி மொத்தம் எடுத்தது 173. அதில் அவர் மட்டும் 75.

ஆஸ்திரேலியா 529 குவிச்சது. சிம்ப்சன், லாரி, இயான் சாப்பல் மூணு பேரும் சதம். இந்தியா மறுபடி ஆடினப்போ அஜித் வாடேகர் 99-ல் அவுட் (பாவம்!). பட்டோடி மறுபடி அதே காலோடு 85. அணி 352. கூட்டிப் பாருங்க, 173-ம் 352-ம் 525. இன்னிங்ஸ் தோல்வியைத் தவிர்க்க நாலே நாலு ரன் குறைஞ்சுது. ஆமா, தோத்துட்டாங்க. ஆனால் அந்த மேட்ச்சைப் பற்றிப் பேசுறவங்க ஜெயிச்ச அணியைப் பற்றிப் பேசுறதைவிட அந்த 75-ஐயும் 85-ஐயும் பற்றித்தான் அதிகம் பேசுறாங்க. அன்னிக்கு எதிரணியில் சதம் அடிச்ச இயான் சாப்பலே அதைப் பிற்காலத்தில் வியந்து சொல்லியிருக்கார். இன்னொரு வேடிக்கை. அந்த மேட்ச்சில் பத்து விக்கெட் எடுத்த மெக்கன்ஸியை அடுத்த மேட்ச்சில் உட்கார வச்சுட்டாங்க! ரொம்ப நல்லா பந்து போடுறார், ஆட்டம் சுவாரசியமா இருக்காதுன்னு நினைச்சாங்களோ என்னவோ.

அடிபட்டாலும் ஆடணும்னு நான் சொல்ல வர்றதா பி.டி. சார் நினைச்சுடக் கூடாது. என் கதையே இருக்கே. போன வருஷம் ஒரு போட்டியில் கணுக்கால் பிசகினதை யாரிடமும் சொல்லாமல் மறைச்சுட்டு ரிலேவில் ஓடினேன். பேட்டனையும் சரியா கொடுக்க முடியலை, எங்க டீமும் போச்சு, நான் ஒன்றரை மாசம் கட்டோடு நடந்தேன். பட்டோடி அப்படிப் பண்ணலை. தசை புதுசா கிழிஞ்சப்போ அடிலெய்டில் வெளியேதான் உட்கார்ந்திருந்தார். மெல்போர்னில் இறங்கினப்போ கால் எப்படி இருக்குன்னு அவருக்கும் தெரியும், அணிக்கும் தெரியும். என்ன முடியும், என்ன முடியாதுன்னு கணக்குப் போட்டுட்டுத்தான் இறங்கினார். நான் கணக்கே போடலை. மறைக்க மட்டும்தான் செஞ்சேன்.

அந்தத் தொடரில் நாலு டெஸ்ட்டும் தோல்வி. அங்கிருந்து அப்படியே நியூசிலாந்து போனாங்க. 1968 பிப்ரவரியில் டனீடின் நகரில் ஒரு அதிசயம். கடைசி விக்கெட்டுக்கு ரமாகாந்த் தேசாய் ஆடிக்கிட்டிருக்கும்போது டிக் மோட்ஸ் போட்ட பந்து தாடையில் பட்டு எலும்பு முறிஞ்சுது. குள்ளமான மனுஷன், வேகப்பந்து போடுறவர், பேட்ஸ்மேனே கிடையாது. வெளியே போகலை! பிஷன் சிங் பேடியோடு சேர்ந்து 57 ரன் சேர்த்தார். அந்த மேட்ச்சில் இந்தியா ஜெயிச்சது. வெளிநாட்டு மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அதுதான். தொடரையும் 3-1 என்று ஜெயிச்சாங்க. கேப்டன் பட்டோடி. கேப்டன் நொண்டிக்கிட்டே 75 அடிச்சதை ஒன்றரை மாசம் முன்னாடிதானே தேசாய் பார்த்திருந்தார்!

அவர் அணியில் இன்னொருத்தரையும் சொல்லணும். சந்திரசேகர். சின்ன வயசில் போலியோ வந்து சூம்பின வலது கையாலேயே சுழற்பந்து போட்டவர். பேடி, பிரசன்னா, நம்ம சென்னைக்காரர் வெங்கட்ராகவன், சந்திரசேகர் நாலு பேரையும் ஒரே டெஸ்ட்டில் இறக்கின கேப்டன் பட்டோடிதான். 1967-ல் பர்மிங்ஹாமில். வேகப்பந்து ஆள் இல்லைன்னு புலம்பாமல் இருக்கிறதை வச்சு ஆடினார். மெல்போர்னில் கால் இல்லாதப்போ செஞ்சதும் அதேதானே?

நல்லது மட்டும் நடக்கலை. 1971-ல் தேர்வுக்குழுத் தலைவரின் ஒரே ஓட்டில் கேப்டன் பதவி வாடேகருக்குப் போச்சு. அதே வருஷம் அரசாங்கம் நவாப் பட்டத்தையும் மானியத்தையும் எடுத்துட்டது. அதுக்கப்புறம் ஸ்கோர் போர்டில் வெறும் மன்சூர் அலி கான். 1974 கடைசியில் வெஸ்ட் இண்டீஸ் வந்தப்போ மறுபடி கேப்டன் ஆனார். கல்கத்தாவில் ஆண்டி ராபர்ட்ஸ் பந்து தாடையில் பட்டு வெளியே போய், திரும்பி வந்து ஆடினார். அந்த டெஸ்ட்டையும், அடுத்து நம்ம சேப்பாக்கத்தில் விஸ்வநாத் 97 அடிச்ச டெஸ்ட்டையும் இந்தியா ஜெயிச்சது. ஆனால் பட்டோடியின் பேட்டில் ரன் வரலை. வயசு 34. ஒத்தைக் கண்ணுக்கும் வேகம் குறையும் இல்லையா? அந்தத் தொடரோடு நிறுத்திட்டார்.

மொத்தம் 2793 ரன், சராசரி 34.91, ஆறு சதம். இதைப் பார்த்துட்டு, இவ்வளவுதானான்னு எங்க வகுப்பில் ஒருத்தன் கேட்டான். அவனைப் பேனா மூடியை மாட்டச் சொன்னோம். மூணு தடவை தப்பினான்.

2011 செப்டம்பர் 22-ல் டெல்லியில் நுரையீரல் நோயால் இறந்தார். எழுபது வயசு. அவர் விருப்பப்படி குடும்பத்தார் கண்ணைத் தானமாகக் கொடுத்தாங்க.

எழுதி முடிச்சதும் இதைத் தெருவில் இருக்கிற அந்த மாமாவிடம் படிச்சுக் காட்டினேன். பேசாமல் கேட்டுட்டே இருந்தவர் கடைசியில் எந்தக் கண்ணுன்னு மட்டும் கேட்டார். நல்லா இருந்த அந்த இடது கண்ணுதான் மாமா, என்றேன்.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்